கேபி எண் பட்டியலில் இல்லையென்றால் பேட்ச் போடவில்லை என்று அர்த்தமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஆடிட் குழு ஸ்கேனரை ஓட்டிவிட்டு, ‘இந்தக் கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அப்டேட்கள் இல்லை’ என்று ஒரு எக்செல் கொடுத்திருக்கிறது. பல வருடத்துக் கேபி எண்கள் (மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்களுக்குத் தரும் எண்கள்) அதில் கலந்து கிடக்கின்றன. கணினிகளும் ஒரே மாதிரி இல்லை. விண்டோஸ் 10, 11, சர்வர் 2016, 2019, அப்புறம் ஒரு மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7. சில அப்டேட்களைக் கையால் போட்டுப் பார்த்தால், ‘இது உங்கள் கணினிக்குப் பொருந்தாது’ என்று திருப்பி அனுப்புகிறது. எந்த அப்டேட் எதைப் பதிலீடு செய்தது, எதை உண்மையிலேயே போட வேண்டும், இதையெல்லாம் ஒரே அட்டவணையில் பார்க்க முடியுமா?

ஒரே அட்டவணை கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதிக்கு அட்டவணையே தேவைப்படாது. விண்டோஸ் 10, அதற்குப் பிந்தைய எல்லாவற்றிலும் கேபி எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு பில்டு எண்ணை, அதாவது விண்டோஸ் இப்போது எந்த நிலைவரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் 7, 8.1, சர்வர் 2012 போன்ற பழையவற்றுக்குத்தான் எது எதைப் பதிலீடு செய்தது என்ற சங்கிலியைப் பிடித்து நடக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் சந்தேகம் வந்தால் கடைசியாக நம்ப வேண்டியது, பாதுகாப்பு ஓட்டை இருந்த அந்த ஃபைலின் பதிப்பு எண்ணை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச், எம்எஸ்17-010 என்ற மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அறிவிப்பில் (புல்லட்டின்) அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கு அது இரண்டு உருவத்தில் வந்தது. ஒன்று கேபி 4012212, அதாவது அந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் உள்ள ‘செக்யூரிட்டி ஒன்லி’. மற்றொன்று கேபி 4012215, அதாவது முந்தைய மாதங்களையும் சேர்த்துக் கட்டிய ‘மந்த்லி ரோலப்’. ஏப்ரலில் கேபி 4015549 என்ற ரோலப் வந்து 4012215-இன் இடத்தைப் பிடித்தது. மே மாதம் கேபி 4019264 வந்து ஏப்ரலுடையதை ஓரங்கட்டியது.

இப்போது மே ரோலப்பை மட்டும் போட்ட ஒரு விண்டோஸ் 7 கணினியை நினைத்துக்கொள்ளுங்கள். பவர்ஷெல்லில், போட்ட அப்டேட்களைப் பட்டியலிடும் கெட்-ஹாட்ஃபிக்ஸ் கட்டளையை அடித்து 4012212 இருக்கிறதா என்று தேடினால் இல்லை. 4012215-உம் இல்லை. ஆனால் அந்தக் கணினியில் ஓட்டை அடைபட்டுவிட்டது. வானாக்ரை சமயத்தில் எத்தனையோ பேர் 4012212 என்ற ஒற்றை எண்ணைத் தேடும் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, நல்ல நிலையில் இருந்த கணினிகளையெல்லாம் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் விளக்கக் கட்டுரையில் அடுத்தடுத்த ரோலப் எண்களைக் கொடுத்ததோடு, நேரடியான வழி ஒன்றையும் சொன்னது: எஸ்ஆர்வி.சிஸ் என்ற ஃபைலின் பதிப்பைப் பாருங்கள், விண்டோஸ் 7-இல் அது 6.1.7601.23689 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். எந்தக் கேபி வழியாக அந்த ஃபைல் வந்து சேர்ந்தது என்பது முக்கியமே இல்லை.

உங்கள் ஆடிட் ஸ்கேனர் எந்த வகை என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். நல்ல ஸ்கேனர்கள் கணினிக்குள் லாகின் செய்து ஃபைல் பதிப்பையோ பில்டு எண்ணையோ பார்க்கின்றன. மட்டமானவை கெட்-ஹாட்ஃபிக்ஸ் தரும் அதே பட்டியலை எடுத்து எண்களை ஒப்பிடுகின்றன. அந்தப் பட்டியல் முழுமையானதே அல்ல. விண்டோஸ் 10-இல் பெரும்பாலும் கடைசியாகப் போட்ட கியூமுலேட்டிவ் (முந்தையவற்றையும் சேர்த்துக் கட்டிய) அப்டேட் ஒன்று, கூடவே டாட்நெட் (செயலிகள் ஓடுவதற்கான மைக்ரோசாஃப்ட் தளம்), சர்வீசிங் ஸ்டாக் (அப்டேட்டைப் போடும் பொறி) என்று ஒன்றிரண்டு, அவ்வளவுதான் அதில் தெரியும். ஐந்து வருடம் மாதம் தவறாமல் அப்டேட் போட்ட கணினியிலும் நாலைந்து வரிதான் வரும்.

சரி, பதிலீடு என்பது உள்ளே எப்படி நடக்கிறது? இரண்டு தளங்களில் நடக்கிறது. இவை இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தலைவலி.

முதல் தளம் வெறும் அறிவிப்பு. ஒவ்வொரு அப்டேட்டோடும் ஒரு மெட்டாடேட்டா, அதாவது அதைப் பற்றிய விவரக் குறிப்பு வருகிறது. அதில் ‘நான் இன்னின்ன அப்டேட்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்’ என்று வெளியிட்டவர்களே எழுதி வைத்திருப்பார்கள். இந்த அறிவிப்பு கேபி எண்ணை வைத்து எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தனியாக ஒரு நீளமான அடையாளக் குறி இருக்கும், அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. ஒரே கேபி எண்ணுக்குள் 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று பல அப்டேட்கள் இருக்கலாம். கேபி 4012598-ஐப் பாருங்கள். எக்ஸ்பி, விஸ்டா, சர்வர் 2003, சர்வர் 2008, விண்டோஸ் 8 என்று இத்தனைக்கும் அதே எண்தான். ஆகவே ‘கேபி இன்னது கேபி இன்னதைப் பதிலீடு செய்தது’ என்று மொட்டையாகச் சொன்னால் அது பாதி வாக்கியம்தான். எந்த ஓஎஸ்ஸில், எந்தப் பதிப்பில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம் வரும்.

இரண்டாவது தளம் கணினிக்குள்ளே, வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் இருக்கும் கம்போனென்ட் ஸ்டோர், அதாவது விண்டோஸின் பாகங்களை வைத்திருக்கும் கிடங்கு. அங்கே ஒவ்வொரு கம்போனென்டும் தன் பதிப்பு எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. பழையதும் புதியதும் இருந்தால், பதிப்பு எண் பெரியது எதுவோ அதுவே நடைமுறைக்கு வரும். இதனால் ஒரு நிம்மதி உண்டு: மே மாத அப்டேட்டைப் போட்ட பிறகு மார்ச் மாதத்துடையதைத் தப்பித் தவறிப் போட்டாலும், புதிய ஃபைலைத் தூக்கிவிட்டுப் பழையது வந்து உட்காராது. டிஸ்ம் கட்டளையில் கெட்-பேக்கேஜஸ் கொடுத்துப் பார்த்தால், சில பேக்கேஜ்களின் எதிரே ‘சூப்பர்சீடட்’ (பதிலீடானது) என்ற நிலை தெரியும். அது இந்த இரண்டாவது தளத்தின் கணக்கு. போட்டதுதான், ஆனால் அதில் இப்போது எதுவும் நடைமுறையில் இல்லை என்று பொருள்.

‘பொருந்தாது’ என்ற அந்தச் செய்தியும் இங்கிருந்துதான் வருகிறது, அதை ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்றாலும் அதே செய்தி. இதற்கு முன் போட வேண்டியது இன்னும் போடப்படவில்லை என்றாலும் அதே செய்தி. வேறு ஓஎஸ்ஸுக்கான ஃபைலைத் தரவிறக்கியிருந்தாலும் அதேதான். முதல் காரணமாகத்தான் இருக்கும் என்று நினைத்து ‘சரி, பேட்ச் இருக்கிறது’ என்று ரிப்போர்ட்டில் டிக் அடித்துவிடாதீர்கள். இரண்டாவது காரணத்தில் கணினி திறந்தே கிடக்கும்.

இனி விண்டோஸ் 10-க்கு வருவோம். 2015 ஜூலையில் அது வந்த நாளிலிருந்தே அப்டேட்கள் கியூமுலேட்டிவ்தான். ஒவ்வொரு மாதத்துடையதும் அந்தப் பதிப்புக்கு அதுவரை வந்த எல்லாத் திருத்தங்களையும் சுமந்துகொண்டு வருகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தத் திருத்தம் முதலில் வந்த பில்டு எண் எது, என் கணினியின் பில்டு எண் அதற்கு மேலா கீழா? வின்வெர் என்று அடித்தால் பில்டு எண் தெரிந்துவிடும். பல கணினிகளில் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டுமென்றால், ரெஜிஸ்ட்ரியில் கரன்ட்வெர்ஷன் கீயின் கீழ் இருக்கும் கரன்ட்பில்டு, யூபிஆர் என்ற இரண்டு மதிப்புகளையும் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். உங்கள் எக்செலில் கேபி 5004945 இல்லை என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பிரின்ட்நைட்மேர் என்று பெயர் வாங்கிய பிரின்ட் ஸ்பூலர் ஓட்டைக்காக 2021 ஜூலை 6 அன்று அவசரமாக வந்த அப்டேட் அது. விண்டோஸ் 10-இன் 21எச்1 பதிப்பில் அதைப் போட்டால் பில்டு 19043.1083 ஆகும். ஒரே வாரத்தில், ஜூலை 13 அன்று, வழக்கமான மாத அப்டேட் கேபி 5004237 வந்தது. அதன் பில்டு 19043.1110. ஆகஸ்டில் கேபி 5005033, பில்டு 19043.1165. கணினி 1165-இல் நின்றால் முந்தைய இரண்டையும் தேடும் வேலையே இல்லை. ஒரு வரியில் பதில் எழுதி மூடிவிடலாம்.

இந்த ஒப்பீட்டில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று இருக்கிறது. எம்எஸ்17-010 விண்டோஸ் 10, 1607-இலும் சர்வர் 2016-இலும் கேபி 4013429 வழியாக வந்தது, பில்டு 14393.953. அடுத்த மாதத்துடையது கேபி 4015217, பில்டு 14393.1066. இவற்றை எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 9 என்பது 1-ஐவிடப் பெரியது என்பதால் 953-தான் புதியது என்று வந்து நிற்கும். எக்செலில் அடுக்கினாலும் இதே கதைதான். புள்ளிக்குப் பிந்தைய பகுதியைத் தனியாக வெட்டி, எண்ணாக மாற்றி ஒப்பிடுங்கள். பவர்ஷெல்லில் வெர்ஷன் டைப்பாக மாற்றிவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

புள்ளிக்கு முந்தைய பகுதி வேறு வேறாக இருந்தால் ஒப்பிடவே கூடாது. 17763 என்பது சர்வர் 2019, 20348 என்பது சர்வர் 2022. ஒன்றின் அப்டேட் மற்றொன்றைப் பதிலீடு செய்வதில்லை. 18363-இல், அதாவது 1909 பதிப்பில் நின்றுபோன ஒரு கணினிக்கு 19045-க்கு வந்த இந்த மாத அப்டேட் எந்த விதத்திலும் உதவாது. அதன் சங்கிலி அந்தப் பதிப்பின் ஆதரவு முடிந்த மாதத்தோடு அறுந்துவிட்டது. இதில் சின்ன விதிவிலக்கு 2004 முதல் 22எச்2 வரையான விண்டோஸ் 10 குடும்பம். 19041, 19042, 19043, 19044, 19045 என்று எண் மாறினாலும் உள்ளே ஒரே ஃபைல்கள்தான். அதனால் ஒரே கேபி பலவற்றுக்கும் பொருந்தும், புள்ளிக்குப் பிந்தைய எண்ணும் ஒன்றாகவே நடக்கும்.

விண்டோஸ் 11, 24எச்2-இல் இன்னொரு சங்கதி சேர்ந்திருக்கிறது. செக்பாயின்ட் என்று ஒரு முறை. 2024 செப்டம்பரில் வந்த கேபி 5043080 ஒரு செக்பாயின்ட். அதற்குப் பின் வருபவை, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சுமக்காமல், அந்த இடத்திலிருந்து வந்த மாற்றங்களை மட்டும் சுமக்கின்றன. விண்டோஸ் அப்டேட் வழியாகப் போடுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து இறக்கிக் கையால் போடுபவர்கள்தான் கவனிக்க வேண்டும். புதியது வந்துவிட்டது, பழையது எதற்கு என்று 5043080-ஐ நீக்கி வைத்தால், புதியது ஏறாமல் அடம்பிடிக்கும். பதிலீடு ஆனதும் தேவைப்படாததும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சர்வீசிங் ஸ்டாக் அப்டேட்டும் இதே ரகம். அது அப்டேட்டைப் போடும் பொறியையே புதுப்பிப்பது. மாத அப்டேட் அதைப் பதிலீடு செய்யாது, அதற்கு என்று தனிச் சங்கிலி. விண்டோஸ் 10, 2004-க்குப் பிந்தையவற்றில் 2021 தொடக்கத்திலிருந்து இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். சர்வர் 2016-இல் இன்னும் தனித்தனிதான், முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் மாத அப்டேட். டாட்நெட் ஃபிரேம்வொர்க்கும் 1809-இலிருந்து தனி அப்டேட்டாகப் பிரிந்துவிட்டது. பில்டு எண் புத்தம் புதியதாக இருந்தாலும் டாட்நெட் பழையதாக இருக்கலாம். ஆகவே உங்கள் எக்செலில் டாட்நெட் வரிகளைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள், அவற்றுக்குப் பில்டு எண் பதில் செல்லாது.

இனிப் பழைய உலகம். உண்மையான சிக்கல் இங்கேதான், நிதானமாகப் பார்ப்போம்.

2016 அக்டோபருக்கு முன்பு விண்டோஸ் 7, 8.1-இல் ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனி அப்டேட் வந்துகொண்டிருந்தது. அக்டோபரிலிருந்துதான் நான் மேலே சொன்ன இரட்டை ஏற்பாடு. மந்த்லி ரோலப் சேர்த்துக் கட்டியது, ஒன்றைப் போட்டால் முந்தைய ரோலப்கள் வேண்டாம். செக்யூரிட்டி ஒன்லி அப்படியல்ல. மே மாதத்துடையது ஏப்ரலுடையதைப் பதிலீடு செய்யாது. அந்த வழியில் போகிறவர்கள் ஒரு மாதம்கூட விடாமல் போட்டாக வேண்டும். எண் பெரியது, தேதி புதியது என்பதால் பழையது வேண்டாம் என்று முடிவு கட்டுவது இங்கே நேரடியாக ஓட்டையில் கொண்டுபோய் விடும். அதோடு 2017 பிப்ரவரியிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் திருத்தங்களையும் செக்யூரிட்டி ஒன்லியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு கியூமுலேட்டிவ் அப்டேட். ரோலப் வழியில் போனவர்களுக்கு அது உள்ளேயே இருந்தது.

அப்படியானால் ரோலப் அதே மாதத்துச் செக்யூரிட்டி ஒன்லியைப் பதிலீடு செய்கிறதா? உள்ளடக்கத்தில் பார்த்தால் ஆமாம், அதிலுள்ள திருத்தங்கள் அனைத்தும் ரோலப்பிலும் இருக்கின்றன. மெட்டாடேட்டாவில் பார்த்தால் இல்லை. ஆரம்பத்தில் ‘ஆம்’ என்றுதான் அறிவித்திருந்தார்கள். அதனால் என்ன ஆயிற்றென்றால், செக்யூரிட்டி ஒன்லி மட்டும் போட விரும்பிய நிறுவனங்களின் நிர்வாக மென்பொருள், ரோலப் வந்த கையோடு செக்யூரிட்டி ஒன்லியைக் காலாவதி என்று ஒதுக்கிவிட்டது. புகார்கள் வந்ததும் 2016 டிசம்பரிலிருந்து அந்த அறிவிப்பையே எடுத்துவிட்டார்கள். அன்றும் இன்றும் ஃபைல்களில் மாற்றமில்லை, எழுதி வைத்த உறவு மட்டும் மாறியது. மெட்டாடேட்டா சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். ரோலப் போட்ட கணினியில் செக்யூரிட்டி ஒன்லி இல்லை என்று ஸ்கேனர் புலம்பினால், அது இந்த இடைவெளியில் விழுந்திருக்கிறது.

அவசர அப்டேட்களிலும் இரு உலகங்களும் வேறு வேறு விதமாக நடக்கின்றன. 2022 நவம்பர் மாத அப்டேட்டுக்குப் பிறகு டொமைன் கன்ட்ரோலர்களில் (நிறுவன நெட்வொர்க்கில் பயனர்களைச் சரிபார்த்து உள்ளே விடும் சர்வர்கள்) கெர்பரோஸ் என்ற முறையிலான லாகின் உடைந்து, அதைச் சரிசெய்ய அவசர அப்டேட்கள் வந்தன. சர்வர் 2016, 2019, 2022-க்கு வந்தவை கியூமுலேட்டிவ், போட்டால் அந்த மாதக் கணக்கே முடிந்தது. சர்வர் 2012 ஆர்2-க்கு வந்த கேபி 5021653 தனி அப்டேட். அது நவம்பர் பாதுகாப்பு அப்டேட்டின் மேல் போட வேண்டியது, அதன் இடத்தில் போட வேண்டியதல்ல. புதிய எண்ணைப் பார்த்து ‘கடைசி அப்டேட் இதுதான்’ என்று அதை மட்டும் போட்டுவிட்டுப் போனால் நவம்பர் மாதத் திருத்தங்கள் எதுவும் உள்ளே வந்திருக்காது.

சங்கிலியை எங்கே பார்ப்பது? கைவேலைக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்தான் சிறந்தது. கேபி எண்ணைத் தேடி, உங்கள் ஓஎஸ்ஸுக்கான வரியின் தலைப்பைக் கிளிக் செய்தால் சின்ன ஜன்னல் திறக்கும். அதில் பேக்கேஜ் டீட்டெய்ல்ஸ் என்ற பகுதியில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். இது எவற்றையெல்லாம் பதிலீடு செய்தது என்பது ஒன்று, இதை எவையெல்லாம் பதிலீடு செய்தன என்பது மற்றொன்று. இரண்டாவது காலியாக இருந்தால் சங்கிலியின் முனை அதுதான். காலியாக இல்லாவிட்டால் அதிலுள்ள எண்ணைத் தேடி மறுபடி இதே வேலை. வரியைத் தேர்வு செய்யும்போது கவனம் தேவை. 32 பிட் வரியையும் சர்வர் வரியையும் மாற்றிக் கிளிக் செய்துவிட்டு வேறு சங்கிலியில் போய்க்கொண்டிருப்பது சர்வ சாதாரணம்.

எண்ணிக்கை நூறைத் தாண்டினால் கைவேலை ஆகாது. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பிரிவு மாதா மாதம் வெளியிடும் தரவை ஏபிஐ (ஸ்கிரிப்டே நேரடியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வழி) மூலம் எடுக்கலாம், அதற்கென்று பவர்ஷெல் மாட்யூலும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சிவிஇ எண்ணுக்கும் (ஓட்டைக்குத் தரப்படும் பொது அடையாள எண்), ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும், எந்தக் கேபி திருத்தியது, அந்தக் கேபி எதைப் பதிலீடு செய்தது என்று இருக்கும். ஆனால் சொல்வது உடனடி முன்னோடியை மட்டும்தான். பாட்டன் பூட்டன் வரை நீங்களே ஏற வேண்டும். ஒரு மாதத் தரவை மட்டும் எடுத்தால் போதாது, பட்டியலிலுள்ள மிகப் பழைய எண்ணின் மாதத்திலிருந்து எடுத்து வரிசையாகக் கோக்க வேண்டும். இந்தத் தரவு 2017-இல் வந்த ஏற்பாடு. அதற்கு முந்தைய புல்லட்டின் காலத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு எக்செல் வெளியிட்டுக்கொண்டிருந்தது, அதில் பதிலீட்டுக்குத் தனிப் பத்தி உண்டு. யாராவது பழைய பிரதி வைத்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோக்கும்போது ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: சாவி கேபி எண் மட்டும் அல்ல, கேபி எண்ணும் ஓஎஸ்ஸும் சேர்ந்த ஜோடி. அந்த ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்கு ஓர் அம்பு. அம்புகள் முடியும் இடங்கள்தான் நீங்கள் போட வேண்டியவை. கேபி எண்ணை மட்டும் சாவியாக வைத்தால், எக்ஸ்பிக்கும் சர்வர் 2008-க்கும் பொதுவான 4012598 போன்ற எண்ணில் இரண்டு சங்கிலிகள் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஒரு ஓஎஸ்ஸில் கிளம்பி இன்னொன்றில் போய் முடியும், அது தப்பு என்று பார்த்தவுடன் தெரியவும் தெரியாது.

இணைய இணைப்பே இல்லாத கணினிகளுக்கு டபிள்யூஎஸ்யூஎஸ்ஸ்கேன்2.கேப் என்ற ஆஃப்லைன் ஃபைலைக் கொண்டுபோய் விண்டோஸ் அப்டேட் ஏஜென்டையே சோதிக்கச் சொல்லலாம். எனக்குப் பிடித்த முறை இதுதான், ஏனென்றால் இங்கே தீர்ப்புச் சொல்வது அந்தக் கணினியே. பதிலீடான அப்டேட்களையும் காட்டு என்று ஒரு அமைப்பை மாற்றாதவரை, ஏஜென்ட் இந்தக் கணினிக்கு இன்றைக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்லும்.

நிறுவனத்துக்குள் அப்டேட்களை விநியோகிக்கும் டபிள்யூஎஸ்யூஎஸ் சர்வர் வைத்திருந்தால் அதிலும் பதிலீட்டுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது, தலைப்பில் ரைட் கிளிக் செய்து வரவழைக்க வேண்டும். சின்னச் சின்னச் சதுரங்களாலான ஓர் ஐகான் அது. மேல் சதுரம் நிறமாக இருந்தால் இது சங்கிலியின் முனை. நடுவிலோ அடியிலோ இருந்தால் இதற்கு மேல் ஒன்று வந்துவிட்டது. அடியிலிருப்பதையெல்லாம் மொத்தமாகப் பிடித்து டிக்ளைன் செய்துவிடலாம் என்று கை பரபரக்கும். பொறுங்கள். முனையில் இருப்பதை நீங்கள் அப்ரூவ் செய்திருக்கிறீர்களா, அது எல்லாக் கணினிகளிலும் ஏறக்கூடியதா என்று பார்த்த பிறகுதான். ஒரு கணினியில் முன்தேவை இல்லாமல் புதியது ஏறவில்லை, பழையதை நீங்கள் டிக்ளைன் செய்துவிட்டீர்கள் என்றால், அதற்கு இரண்டும் கிடைக்காது. ரிப்போர்ட்டில் மட்டும் எல்லாம் பச்சையாக இருக்கும்.

ஃபைல் பதிப்பைப் பார்த்து முடிவெடுப்பதே கடைசி வழி என்றேன், அதிலும் விண்டோஸ் 7-க்கு ஒரு வில்லங்கம் உண்டு. அந்தக் காலத்தில் ஒரே ஃபைலுக்கு இரண்டு கிளைகள் இருந்தன. பொது வெளியீட்டுக் கிளையில் 7601.18 ஆயிரம் சொச்சம் என்று எண் வரும், ஹாட்ஃபிக்ஸ் கிளையில் 22 ஆயிரம் சொச்சம் என்று வரும். 22 ஆயிரத்து எண் பெரியது என்பதால் அது புதியது என்று ஆகாது. பழைய அப்டேட்களின் கேபி கட்டுரையில் இரண்டு கிளைக்கும் தனித்தனியாக எண் கொடுத்திருப்பார்கள், உங்கள் ஃபைல் எந்தக் கிளையோ அந்த வரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்டேட் இருக்கிறது, பதிலீட்டுக் கணக்கும் சரி, இருந்தும் ஸ்கேனர் விடாமல் சிவப்பு காட்டுகிறதா? அதுவும் நடக்கும், அப்போது ஸ்கேனரைத் திட்டாதீர்கள். சில திருத்தங்கள் ஃபைலாக வந்து சேர்ந்தாலும் ரெஜிஸ்ட்ரியில் ஒன்றை மாற்றினால்தான் வேலை செய்யும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் ஓட்டைகளுக்கு வந்த அப்டேட்கள் விண்டோஸ் சர்வர்களில் அப்படித்தான் வந்தன. போட்டாலும் அணைந்தே கிடந்தன, நாம்தான் இயக்க வேண்டும். பிரின்ட்நைட்மேரிலும், பாயின்ட் அண்ட் பிரின்ட் (பிரின்டர் டிரைவரைத் தானாக இறக்கிப் போடும் வசதி) அமைப்பில் எச்சரிக்கையே வேண்டாம் என்று யாராவது முன்பு மாற்றி வைத்திருந்தால், 5004945 ஏறிய பிறகும் கதவு திறந்தே இருந்தது. இவற்றுக்கு எத்தனை சங்கிலி நடந்தாலும் விடை கிடைக்காது. சிவிஇ பக்கத்திலுள்ள குறிப்புகளைப் படித்தே ஆக வேண்டும். அதோடு ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் லினக்ஸ் சர்வர்களும் இருந்தால் அங்கே சங்கிலி அறிவிப்பு என்ற பேச்சே இல்லை. ஒரே பேக்கேஜின் பெரிய பதிப்பு சின்னதைப் பதிலீடு செய்யும், அவ்வளவுதான். சிக்கல் வருவது பேக்போர்ட்டில், அதாவது புதிய திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே கொண்டுவந்து சேர்ப்பதில். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோது அந்த மென்பொருளின் குழு அதை 1.0.1ஜி-யில் திருத்தியது. லினக்ஸ் விநியோகமான டெபியன் 7 அதே திருத்தத்தைப் பழைய 1.0.1இ-யிலேயே வைத்து, பின்னொட்டில் டெப்7யூ5 என்று போட்டு வெளியிட்டது. முன்பாதியை மட்டும் பார்த்த ஸ்கேனர்கள் 1.0.1இ என்றதும் அலறின. பின்னொட்டையும் சேர்த்து, அந்த விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிடுங்கள். கர்னலுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: புதியது இன்ஸ்டால் ஆகியிருப்பது வேறு, அதில் பூட் ஆகி ஓடிக்கொண்டிருப்பது வேறு.

ஆடிட் குழுவுக்கு அனுப்பும் பதிலில் அவர்கள் கேட்ட கேபி எண்ணுக்கு நேராக ‘சூப்பர்சீடட்’ என்று மட்டும் எழுதாதீர்கள், திரும்பி வந்துவிடும். கணினியின் பெயர், இப்போதைய பில்டு, அந்த ஓட்டை முதலில் திருத்தப்பட்ட பில்டு, இந்த மூன்றையும் எழுதினால் வாதமே வராது. விண்டோஸ் 7 கணினிகளுக்குப் பில்டு எண்ணின் இடத்தில் ஃபைல் பதிப்பைப் போடுங்கள்.

அந்த விண்டோஸ் 7-களுக்குக் கேட்டலாகில் சங்கிலியைப் பிடித்து நடந்தால் 2023 ஜனவரி வரை போகும். ஆனால் 2020 ஜனவரிக்குப் பின் வந்தவை கட்டண நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு மட்டும். அந்த உரிமம் இல்லாத கணினியில் அவை ஏறாது. உங்களுக்கு முனை என்பது 2020 ஜனவரி 14 அன்று வந்த ரோலப் கேபி 4534310-தான். அதைப் போடுவதற்கும் முன்பாக அப்டேட் உண்மையானதா என்று சரிபார்க்கும் ஷா-2 கையொப்பத்துக்கான கேபி 4474419-உம் சர்வீசிங் ஸ்டாக்கான கேபி 4490628-உம் இருக்க வேண்டும். இவை இல்லாததால்கூட உங்களுக்கு ‘பொருந்தாது’ என்று வந்திருக்கலாம், முதலில் இவற்றைப் பாருங்கள். 2020 ஜனவரிக்குப் பிந்தைய வரிகளைப் பதிலீட்டுக் கணக்கில் சேர்க்கவே முடியாது. அவற்றைத் தனியே பிரித்து, ‘திருத்தம் இல்லை’ என்றே எழுதுங்கள். அந்தக் கணினிகளில் பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி1-ஐ அணைத்து, மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்திருப்பதாக அதே வரியில் சொல்ல முடிந்தால் நல்லது.